தொடாத பொருள்

கட்டிலின் ஓரத்தில் மெத்தை அமுங்கியிருந்தது, யாரோ வந்து உட்கார்ந்தது போல. நான்கு வயது லாவண்யா காய்ச்சல் களைப்பில் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். பஞ்சு இறங்கிவிட்டது என்று நினைத்தபடி கிருஷ்ணப்பிரியா விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு, மகளுக்கு முதுகைக் காட்டி மடிக்கணினி முன் உட்கார்ந்தாள்.

திருநின்றவூர் ஏரிப் பக்கமிருந்து ஈரமண் வாசனையும் தவளைச் சத்தமும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், ஐந்து வருஷமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி அவள் சுற்றிச்சுற்றி வந்த கேள்விக்கு விடை தெரியப்போகிறது. பிரபஞ்சமெங்கும் நிறைந்திருக்கும் கரும்பொருளைக் கண்டவர் இல்லை. சுவரையும் உடம்பையும் உரசாமல் ஊடுருவிப் போகும். எடை ஒன்றுதான் அதற்கு அடையாளம். அது எதையாவது தொட்டிருந்தால் பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியில் தடம் இருக்கும். அந்த ஒளியின் வரைபடத்தில் தேடுவதுதான் அவள் ஆராய்ச்சி. ஆசை கண்ணை மறைக்கக் கூடாதென்று, கணக்கு முடியும்வரை விடையை மூடி வைப்பார்கள். திறந்த பிறகு யாரும் கணக்கில் கை வைக்கக் கூடாது.

திறந்தாள். அது எதையும் தொடவில்லை என்றால் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை.

விண்வெளித் தூசியின் வேலை என்று நினைத்து, விதியை மீறிக் கணக்கில் கை வைத்தாள். சந்தேகமான இடத்தை வரைபடத்தில் மறைத்து மறுபடி ஓட்டினாள். எண் கூடியது. இன்னோர் இடத்தை மறைத்தாள். இன்னும் கூடியது. தவளைகள் ஓய்ந்திருந்தன. பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

திரும்பினாள். மெத்தையில் இருந்த பள்ளம் லாவண்யாவின் இடுப்பருகே நகர்ந்திருந்தது.

ஆவடித் தொழிற்சாலையிலிருந்து ரயிலில் திரும்பும் கணவன் சம்பத்தைக் கூப்பிட்டாள்.

"இன்னா பிரியா? பட்டாபிராம்ல கீறேன். வண்டி நிக்குது."

"சீக்கிரம் வாங்க. பாப்பா பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்க."

"யாரு?"

"தெரியலைங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை."

"கதவைச் சாத்திக்கினு உள்ளயே இரு. தோ வந்துட்டேன்."

உள்ளேதான் இருக்கிறது. அதை அவனிடம் எப்படிச் சொல்வாள்?

பாய்ந்து மகளை அள்ளப் பார்த்தாள். எதுவோ பிடித்திருப்பது போல் குழந்தை அசையவில்லை. காலைப் பிடித்து இழுத்தாள். பள்ளத்துக்கு மேலே கையை வீசினாள், வெறும் காற்று. அடிக்க எதுவுமில்லை. தள்ள எதுவுமில்லை. "விட்டுடு, அவளை விட்டுடு" என்று கெஞ்சினாள். பெற்றவள், வேறென்ன செய்வாள்?

லாவண்யாவின் கவுன் அக்குளில் சுருங்கியது. முதுகு எழும்பியது. பிடித்திருந்த பாதம் கையைவிட்டு நழுவியது.

அறை நடுவே, ஆள் உயரத்தில், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம், தோளில் சாய்ந்தது போல நசுங்கி. நெற்றியில் விழுந்த முடி மெதுவாக விலகியது. காதுக்குப் பின்னால் போய் ஒதுங்கியது.