நிமிர்ந்து நின்ற சோப்பு

சமையலறைத் தொட்டியின் ஓரத்தில் சோப்பு நிமிர்ந்து நின்றது. தொட்டி காய்ந்து கிடந்தது. சோப்பு மட்டும் ஈரம் சொட்டியது. சோப்பு செய்து விற்பவள் அவள். எப்போதும் படுக்கத்தான் வைப்பாள்.

படுக்க வைத்தாள். மறதிக் கழுதை, நீயே வைத்திருப்பாய் என்று தன்னைத் திட்டியும் பார்த்தாள். ஆனால் சோப்பை அப்படி நிறுத்தி வைக்கும் ஆளை அவளுக்குத் தெரியும். “படுக்க வெச்சா ஊறிடும்னு எத்தனை தடவைடி சொல்றது?” என்று கேட்டு, அவள் விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியவன். அவனை விட்டு வந்தபின் வீடு மேல் வீடு மாறி, இங்கேதான் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

தொழிலைப் பதிவு செய்தால் விலாசத்தை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அதனால் பதிவிலும் சோப்பு உறையிலும், தபால் பெட்டி வாடகைக்கு விடும் கடையின் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாள். ஒன்றே ஒன்று இடித்தது. சோப்புக்குப் போடும் காஸ்டிக் சோடாவை மட்டும் வாங்கி வைக்க முடியாது, கசிந்தால் அடுத்தவர் தபாலெல்லாம் வெந்துபோகும் என்று அந்தக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். சோடா மட்டும் வீட்டுக்கே வந்தது.

சோடா விற்பவருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, என் வீட்டு விலாசத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“நான் ஏம்மா சொல்லப்போறேன்? ஆங், உங்க வீட்டுக்காரர் வந்தாரு. உங்க சோப்பு உறையக் காட்டி, வீட்டு நம்பர் மறந்துடுச்சுன்னாரு. ஊர்ல சோடா விக்கிறது நான் ஒருத்தன்தானே, தேடி வந்துட்டாரு. தங்கமான மனுஷன்மா.”

போலீசுக்குச் சொன்னாள். வருகிறோம் என்றார்கள்.

வெளியே சாயங்கால மழை தகரத்தில் தடதடத்துக்கொண்டிருக்க, அதற்கும் அடியில், குளிர்சாதனப் பெட்டியின் உறுமலுக்கும் அடியில், சோப்புகளைக் காய வைக்கும் பின்னறையிலிருந்து மரத்தில் எதையோ மெல்ல வைக்கும் சத்தம் ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது. எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனையைத் தாண்டி நனைந்த சட்டையின் வாடை வந்தது.

டக்.

வாசற்கதவு அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஓடலாம். மறுபடி மூட்டை கட்டலாம். பயத்தைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. இவன் வருவான், நான் போக வேண்டுமா?

கையுறையை மாட்டினாள். சற்று முன்பு கலக்கிய காஸ்டிக் தண்ணீர் ஜாடியில் இன்னும் ஆவி விட்டது. எடுத்துக்கொண்டாள்.

“வெளிய வா. வாடகை கட்டுறது நான். இது என் வீடு.”

டக்.

காலால் பின்னறைக் கதவைத் தள்ளினாள். விளக்கைப் போட்டாள். கூரை வரை எழும்பிய மர அடுக்கு. காலையில் படுக்க வைத்த சோப்புகள்.

எல்லாம் நின்றன. தட்டுத் தட்டாக. அவளைப் பார்த்தபடி.

ஒன்று மட்டும் படுத்திருந்தது. அடித்தட்டில், ஓரத்தில்.

அவள் பின்வாங்கவில்லை.

அடுக்குக்குப் பின்னாலிருந்து ஈரமான கை ஒன்று நீண்டு வந்து, அவசரமே இல்லாமல், அந்தச் சோப்பையும் நிமிர்த்தி வைத்தது.