சரிம்மா வேண்டாமென்ற வக்கீல்

காலையில் அந்த வீட்டில் முதலில் கொதிப்பது தேநீர். அதற்கு அடுத்தபடியாக, வீட்டு மருமகளின் நாத்தனார். அன்று வரிசை மாறிவிட்டது. அடுப்பைப் பற்றவைப்பதற்குள் நாத்தனார் படியேறி வந்து, மூச்சு வாங்காமலே பேச ஆரம்பித்தாள்.

"ஏண்டா தம்பி! நீங்க பாத்து வெச்ச வீட்டுக்காரன் விக்கச் சம்மதிச்சுட்டானாமே! கூடப் பொறந்த அக்கா ஒருத்தி பக்கத்துத் தெருவுல இருக்கேன், எனக்கு அடுத்தவங்க சொல்லித்தான் தெரியணுமா? சரி, போகட்டும்... பத்திர வேலையெல்லாம் உங்க அத்தான் பாத்துக்குவாரு. நான் தெரு பூராவும் சொல்லிட்டேன்!"

"அத்தான் இருக்கும்போது வெளியாளு எதுக்கு?" என்றான் தம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. அவன் பேருந்து ஓட்டுநர்.

"மாப்பிள்ளை கையெழுத்துப் பட்டாலே அந்த வீட்டுக்கு ஒரு களை வந்துரும்" என்றாள் மாமியார் கட்டிலில் இருந்தபடி.

"அண்ணன் வேண்டாம். வேற வக்கீலைப் பாக்கலாம்."

சொன்னது யார் என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். மாமியார் ஜன்னலுக்கு வெளியேகூட எட்டிப் பார்த்தாள். அடுப்படியில் மருமகள்தான் நின்றிருந்தாள். வந்த நாள் முதல் எதற்கும் 'சரிம்மா' என்று மட்டுமே சொன்னதால் வீட்டில் அவளுக்குப் பெயரே சரிம்மா ஆகிவிட்டது. கணவனே கூட்டத்தில் அவளைத் தேடும்போது அப்படித்தான் கூப்பிடுவான்.

"என்ன சொன்னே?" நாத்தனார் அடுப்படிக்கே வந்துவிட்டாள். "என் புருஷன் வேண்டாமா? உனக்கு அவ்வளவு ஆயிடுச்சா?"

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி..."

"வேற எப்படி எடுத்துக்கறது? தட்டுல வெச்சுக் குடு, எடுத்துக்கறேன்!"

நாத்தனார் அழுதாள். மாமியாரும் சேர்ந்து அழுதாள். ஓட்டுநர் இருவரையும் பார்த்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கண்டுபிடித்தான். போகிற போக்கில், "ஏன்னு ஒரு காரணம் சொல்லேன்" என்றான். அவள் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையானாலும் சொந்தத்தில் ஆள் இருந்தால் வெளியே போவதில்லை. சரிம்மாவுக்குப் பல் வலித்தபோது பெரியப்பா மகன்தான் பிடுங்கினான். அவன் பிடுங்கியது பக்கத்துப் பல். தவறு தெரிந்ததும் வலித்த பல்லையும் இலவசமாகவே பிடுங்கிக் கொடுத்தான். 'சொந்தம்னா இதுதான்' என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். சித்தப்பா மகன் மின்சார வேலை பார்த்தான். அன்று முதல் சமையலறை விளக்கைப் போட்டால் கீழ்வீட்டு வானொலி பாடும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, செய்தி நேரத்தில் மட்டும் கொஞ்சம் சமைக்கும்படி கேட்டுக்கொண்டார். ஓட்டுநருக்கு வண்டி கற்றுக்கொடுத்தது தாய்மாமன். அவருக்கு இடப்பக்கம் திரும்ப மட்டும்தான் தெரியும். நல்ல வேளையாக ஓட்டுநருக்குக் கிடைத்த வழித்தடம் வட்டமானது. அதனால் வேலை போகவில்லை.

இத்தனையையும் சரிம்மா வாய் திறக்காமல் தாங்கினாள். ஆனால் வீடு என்பது பல் அல்ல. அந்த வாடகை மாடியில் மாமியார் கட்டிலைத் தாண்டித்தான் அடுப்படிக்கே போக வேண்டும். அந்த இடுக்கிலிருந்து எல்லோரையும் வெளியே கொண்டுவர, அவள் சலவைக் கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டி முன்னால் நின்று நின்று, அவளுக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கியே போயிருந்தது. தனக்கென்று ஒரு புடவைகூட எடுக்காமல் சேர்த்தது அத்தனையும் இந்த ஒரு வீட்டுக்கு. இதில் ஏமாந்தால் இன்னொன்று வாங்க அவளுக்கு இன்னொரு ஆயுள் வேண்டும்.

காரணம் சொல்ல முடியாததற்கும் அந்தச் சலவைக் கடைதான் காரணம்.

நாத்தனார் புருஷனுக்கு நீதிமன்ற வட்டாரத்தில் 'வாய்தா' என்று பெயர். எந்த வழக்கானாலும் தள்ளிவைக்கக் கேட்டு வாங்கிவிடுவார். நாய் குரைக்கிறது என்று ஒருவர் போட்ட வழக்கை அவர் தள்ளிவைத்துத் தள்ளிவைத்து, கடைசியில் நாய்க்குக் குரல் கம்மிவிட்டது; வழக்குப் போட்டவர் நாய்க்காரர் வீட்டிலேயே பெண்ணெடுத்துவிட்டார். இரண்டு தரப்பும் வந்து வாய்தாவுக்கு நன்றி சொன்னார்கள்.

முந்தின நாள் அவர் தன் கறுப்புக் கோட்டை வாங்கக் கடைக்கு வந்தார். வாங்கிய பிறகும் போகவில்லை. நீராவிப் புகைக்கு நடுவே நின்று கோட்டின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்குச் சொல்லட்டுமா?"

"இப்பவே சொல்லுங்கண்ணே."

"வீடு வாங்கற வேலை நான் ஒண்ணுகூடப் பாத்ததில்லம்மா! சைக்கிள்ல விளக்கு இல்லாம போனவன், தப்பான இடத்துல வண்டி நிறுத்தினவன்... இவங்கதான் என் கட்சிக்காரங்க. கல்யாணத்தப்போ நான் பெரிய சொத்து வக்கீல்னு யாரோ சொன்னாங்க. நான் இல்லைன்னு சொல்லலை. அப்புறம் சொல்லிக்கலாம்னு தள்ளிப்போட்டேன்... இன்னும் சொல்லலை."

"அண்ணிகிட்டச் சொல்லிருங்களேன்."

"அவ என்னை நெனச்சு எவ்வளவு பெருமையா இருக்கா தெரியுமா? அதை உடைக்க எனக்குத் தெம்பில்லை. உன் வீட்டைக் கெடுக்கவும் மனசில்லை. நீயே என்னை வேண்டாம்னு சொல்லிரு தங்கச்சி... ஏன்னு மட்டும் சொல்லாதே!"

அந்த மனிதர் கண்ணைத் துடைக்கச் சலவை செய்த கோட்டையே எடுத்தார். அவள் அதைப் பிடுங்கிவிட்டுத் தன் முந்தானையை நீட்டினாள். "சொல்ல மாட்டேண்ணே" என்றாள். அவ்வளவுதான். பழி அவளுடையதாகிவிட்டது.

மதியம் கடை மூடும் நாட்களில் அவள் வக்கீல் தேடப் புறப்பட்டாள்.

முதல் வக்கீல் கண்ணாடி அறையில் இருந்தார். அவள் உட்காரும் முன்பே, "கவலையே படாதீங்கம்மா, எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். எந்த வீடு என்று அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது அலுவலகத்தில், வீட்டைக் காட்டிய தரகரே மேசைமேல் உட்கார்ந்து காலை ஆட்டியபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வக்கீல் உள்ளே வந்து, "விக்கறவருக்கும் நான்தான் பாக்கறேன், உங்களுக்கும் சேத்தே முடிச்சுரலாம், அலைச்சல் மிச்சம்" என்றார். அலைச்சல் மிச்சமாவது யாருக்கு என்று யோசித்துக்கொண்டே அவள் படியிறங்கினாள்.

மூன்றாவது அலுவலகம் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே. உள்ளே ஒரு பெண் வக்கீல், முகத்தில் சிரிப்பே இல்லை. வரவேற்புக்கு ஒரு தும்மல்தான்.

"கட்டணம் இவ்வளவு. இதுல எது அடங்கும், எது அடங்காதுன்னு எழுதித் தர்றேன். போன் பண்ணினா நானே எடுப்பேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வீட்டை நேர்ல வந்து பாப்பேன். சரியில்லைன்னா வாங்காதீங்கன்னு சொல்லுவேன். அப்ப என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று மறுபடி தும்மினார்.

சரிம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. 'வாங்காதே' என்று சொல்லத் துணிந்த ஒருவரைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா சொன்னபடியே வந்தார். எல்லோரும் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வாசலுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றார். தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு சின்னப் பாதை. பக்கத்தில் வெல்டிங் பட்டறை.

"இந்தப் பாதை யாருது?" என்று பட்டறைக்காரரிடம் கேட்டார்.

"என்னுதுதாங்க. அவங்க நடந்துக்கட்டும், நான் ஒண்ணும் சொல்றதில்லை."

"நீங்க சொல்ல மாட்டீங்க. நாளைக்கு இதை நீங்க வித்துட்டா வாங்கறவர் சொல்லுவாரே?"

பட்டறைக்காரர் யோசித்தார். "அவன் சொல்லுவான்தாங்க" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

வீடு விலைக்கு உண்டு. வீட்டுக்குள் போகும் வழி அந்த விலையில் இல்லை. பாதைக்கு உரிமை எழுதித் தராமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். விற்பவர் கோபித்துக்கொண்டு, இவ்வளவு கேள்வி கேட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை குடும்பம் முழுவதும் கூடிவிட்டது. வாய்தாவும் கறுப்புக் கோட்டில் மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"கண்ணுக்கு லட்சணமா அமைஞ்ச வீடு! எங்கிருந்தோ ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து கெடுத்துட்டியே!" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"என் புருஷனா இருந்தா இந்நேரம் முடிச்சுச் சாவியை வாங்கியிருப்பாரு!" என்றாள் நாத்தனார். "அவரை அவமானப்படுத்தினே பாரு... அதுக்குத்தான் இப்படி!"

"இப்பவாவது அத்தான்கிட்ட மன்னிப்புக் கேட்டு வேலையைக் குடுத்துரு" என்றான் ஓட்டுநர். "உனக்கு அவர்மேல அப்படி என்னதான் கோபம்?"

அதுதான் அவளைச் சுட்டது. நாத்தனார் பேசியதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், தனக்குக் கோபம் என்கிறானே! கண் நிறைந்தது. ஆனாலும் தலையைக் குனியவில்லை. வாய்தா முன்னால் போய் நின்றாள்.

"மன்னிப்புக் கேட்டுக்கறேண்ணே... உங்க மனசு நோகும்படி பேசினதுக்கு. ஆனா வக்கீலை மாத்த மாட்டேன். பாதை இல்லாத வீட்டுக்கு என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். இதுக்கு என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

வாய்தா எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"கேட்டுக்கங்க எல்லாரும்! இதைத் தள்ளிவைக்க முடியாது. அவ என்னை அவமானப்படுத்தலை. நான்தான் அவகிட்டக் கெஞ்சினேன்... என்னை வேண்டாம்னு சொல்லச் சொல்லி! எனக்குச் சொத்து வேலை தெரியாது. தெரியவே தெரியாது! நான் போயிருந்தா பாதையைப் பாத்திருக்க மாட்டேன்... வீட்டு நிறம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்திருப்பேன்!"

நாத்தனார் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

"என் மானத்தைக் காப்பாத்த இந்தப் பொண்ணு உங்க ஏச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டா. ஒரு வார்த்தை... ஒரே வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பா. சொல்லலையே!"

"ஏங்க..." என்றாள் நாத்தனார். "என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? சைக்கிள்காரனுக்கு வாதாடினா நான் பெருமைப்பட மாட்டேனா? அவனுக்கும் யாராவது வேணும்ல!"

பிறகு சரிம்மா பக்கம் திரும்பினாள். "அடி பாவி... நான் பேசின பேச்சுக்கெல்லாம் எப்படிடி பொறுத்துக்கிட்டு நின்னே? என் புருஷனை எனக்கு மேல நீ காப்பாத்தியிருக்கியே!" என்று அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். சரிம்மாவும் அழுதாள். நடுவில் மாட்டிக்கொண்ட மாமியார் மூச்சுத் திணறியபடி, "விடுங்கடி... நான் கெளவி" என்றாள். ஆனால் அவளும் விடவில்லை.

ஓட்டுநர் மனைவியின் இறங்கிப்போன தோளில் கை வைத்தான். "நான்தான் உன்னைப் புரிஞ்சுக்கலை" என்றான். "விக்கறவர்கிட்ட நானே போய்ப் பேசறேன். பாதை இல்லைன்னா வீடும் வேண்டாம். உன் வக்கீல் சொல்றதுதான்."

வழியில்லாத வீட்டை வேறு யாரும் வாங்கவில்லை. விற்பவர் திரும்பி வந்தார். பட்டறைக்காரரும், வக்கீலம்மா எழுதிக் கொண்டுவந்ததைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, பாதையில் நடக்கும் உரிமையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பதிவு நாளன்று அலுவலகத் தாழ்வாரத்தில் கூட்டம் நெருக்கியது. வக்கீலம்மா கதவைத் திறந்து, "வாங்கறவங்க யாரு? உள்ள வாங்க" என்றார். ஓட்டுநர் ஒதுங்கி வழிவிட்டான். சரிம்மா முன்னால் நடந்தாள்.

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் மாமியாரிடம் பேச்சுக் கொடுத்தார். "வக்கீலு ரொம்பக் கறாரா இருக்காங்களே! யாரு புடிச்சது?"

"என் மருமக" என்றாள் மாமியார், அந்தத் தாழ்வாரத்துக்கே கேட்கும்படி.

"ஏன், உங்க சொந்தத்துல வக்கீல் யாரும் இல்லையா?"

வாய்தா கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இருக்காரே! நான்தான். அதனாலதான் வெளியில பாத்தோம்."