வாசனை பார்க்கப் போனவள்

விடிந்ததும் விடியாததுமாக மருமகள் சமையலறை ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் என்றாள்.

“ஆரம்பிச்சுட்டியா?” மாமியார் கத்தினாள். “இன்னிக்கு என் சின்னவன் கேஸ் லைசென்ஸ் பரீட்சைக்குப் போறான். ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகக் கூடாதா? பெரியவனைத்தான் கடைசி வரைக்கும் தண்ணிக் குழாயோடயே கட்டிப் போட்டே... இவனையும் விடமாட்டியா?”

“கேஸ் கசியுது அத்தை...”

“எனக்கு ஒரு வாசனையும் வரலையே!”

அவள் கணவர் நல்ல பிளம்பர். கேஸ் லைன் வேலைக்கும் தகுதி வாங்கிவிட்டால் பெரிய கட்டடங்களில் மேற்பார்வைக்குப் போகலாம் என்று பயிற்சியில் சேர்ந்தவர், முதல் நாளே திரும்பி வந்துவிட்டார். “இவ வேணாம்னுட்டாம்மா. ஆபத்தாம்” என்றார். பக்கத்தில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று விழுந்த பழி, போன மழைக்காலத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோன பிறகும் விலகவில்லை. போதாததற்கு, சமையலறை வேலை எங்கே வந்தாலும் மனைவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். “பொண்டாட்டி இல்லாம ஒரு நட்டுகூட முறுக்க மாட்டான்” என்று தெரு சிரித்தது. அவளுக்குச் சந்தேகக்காரி என்று பெயர்.

சத்தம் கேட்டு வந்த கொழுந்தன், ரப்பர் குழாய் சேரும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவினான். நுரை குபுகுபுவென்று பொங்கியது. வால்வை மூடினான்.

“அண்ணி சொன்னது சரிதாம்மா. கிட்ட வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. பயிற்சியில முதல் நாள் இதுதான். கண்ணைக் கட்டிட்டு கேஸ் வாசனை பாட்டிலை மூக்குக்கிட்ட நீட்டுவாங்க. வாசனை தெரியாதவனை அன்னிக்கே வீட்டுக்கு...”

பேச்சு நின்றது. அண்ணனும் முதல் நாள்தானே திரும்பினான்!

“அண்ணி... அண்ணனுக்கு வாசனை தெரியாதா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை விரல்களை மீறி வந்தது.

“பயிற்சிக்கு முன்னாடி வந்துச்சே, அந்தப் பெரிய காய்ச்சலோட போச்சு தம்பி... திரும்பவே இல்லை. வெளியில தெரிஞ்சா அடுப்பங்கரைப் பக்கம் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்கன்னு பயந்தார். அதான் கூடப் போனேன். அடுப்பை நகர்த்தித் திரும்ப மாட்டினதும் நான் வாசனை பார்த்துச் சொல்லணும்.”

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“தீஞ்ச பாலைக் குடுத்தேன்... ‘நல்லா இருக்கும்மா’ன்னு குடிச்சானே! என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான்னு நெனச்சேனே! ஏண்டி, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? என்னென்ன பேச்சுப் பேசினேன்...”

“சத்தியம் வாங்கிட்டார் அத்தை. அம்மா உடைஞ்சு போயிடுவாங்கன்னு...”

“என் புள்ளைக்கு மூக்கா இருந்தவளையா நான்...” மாமியார் மருமகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

கொழுந்தன் புதுக் குழாயை மாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தான்.

“பார்த்துச் சொல்லுங்க அண்ணி. அப்புறம்தான் கிளம்புவேன்.”

அவள் குனிந்து மூச்சை இழுத்தாள். “வாசனை இல்லைங்க” என்றாள், பழக்கத்தில்.

‘அப்ப பத்த வைக்கலாம்’ என்று முதுகுக்குப் பின்னால் கணவரின் குரல் வர வேண்டிய நேரம் அது. அவள் காத்திருந்தாள்.

மாமியார் தீப்பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.