நீல இறால்களின் இருநூறாவது நாள்

ஆழ்குடியில் பொழுது விடிந்தால் வீட்டுக்கு வீடு இறால் எண்ணுவார்கள். பல் துலக்குமுன் எண்ணுகிறவர்களும் உண்டு. நிலவின் தென்முனையில், தரைக்கு நானூறு மீட்டர் கீழே குடைந்த நகரம் அது. பிள்ளை வேண்டும் என்று மனுப் போடும் தம்பதிக்குப் பேற்று வாரியம் முதலில் ஒரு கண்ணாடித் தொட்டியும் பத்து நன்னீர் இறாலும் கொடுக்கும். ஒவ்வொன்றும் விரல்நகம் அளவுதான் இருக்கும். பூமியில் இதன் பெரிய அண்ணன்களைத் தொக்கு வைத்துத் தின்ற கூட்டத்தின் பேரன் பேத்திகள், இங்கே இதன் முன்னால் கைகட்டி நின்றார்கள்.

விதி எளிமையானது. இருநூறாவது நாள் அதிகாரி வருவார். அன்றைக்கு அந்த வீட்டு நீரில் பிறந்து வளர்ந்த இறால் குறைந்தது முப்பது உயிரோடு இருக்க வேண்டும். இருந்தால் அனுமதி. இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை தவறினால் மனுவை மூடிவிடுவார்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. ஆழ்குடியில் பிறக்கும் பிள்ளைகளில் பாதி ஐந்து வயதைத் தாண்டுவதில்லை. ஒரு சளி வந்தால் போதும், வரிசையாகப் படுத்துவிடும். மருத்துவர்கள் காற்றைச் சோதித்தார்கள், பாலைச் சோதித்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், பெற்றவர்களுக்குப் பொறுப்புப் போதவில்லை என்று வாரியம் முடிவு கட்டி, இறால் தேர்வைக் கொண்டுவந்தது.

எப்சிபாவுக்கு இது மூன்றாவது முறை. வயது முப்பத்தொன்பது. நூற்றுத் தொண்ணூற்று நான்காவது நாள் காலை, வேகவைத்த பூசணித் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்தாள். பூசணி வாசத்துக்குப் பாசிக்குள் ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வரும், எண்ணுவதற்குத் தோது. பதினொன்று வந்தன. நேற்று பதினாறு. போன வாரம் அறுபத்திரண்டு.

"எத்தன?" என்று பின்னாலிருந்து கேட்டான் அவள் கணவன் அருமைநாயகம். நகரத்தின் காற்றுக்குழாய்களில் பழுது பார்ப்பவன்.

"பதினொண்ணு. வயித்துல முட்டையோட ஒண்ணு இருந்துச்சுல்லா, அதக் காணோம்."

"சட்ட உரிச்சுட்டு எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், எப்சி. ஓடு வரமட்டும் வெளிய வராது."

"ஒளியலங்க. அந்தா கெடக்கு பாருங்க."

பஞ்சு வடிகட்டிக்குக் கீழே அது மல்லாந்து கிடந்தது. வயிற்றடியில் முட்டைகள் அப்படியே இருந்தன. உயிரோடு இருந்தவரை அந்தக் குட்டிக் கால்களால் முட்டைகளை ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். எப்சிபா நாள்தோறும் மணிக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது விசிறல் நின்றுவிட்டது. அதை மெல்ல எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

போன வாரம் வெப்பக் குழாய் பழுதாகி ஆறு மணி நேரம் நகரமே குளிர்ந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மனிதர்கள் இன்னொரு போர்வையைப் போர்த்திக்கொண்டார்கள். தொட்டியில் மறுநாளே சாவு விழ ஆரம்பித்தது. எல்லாம் ஒரே மாதிரிச் சாவு. கழுத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வளையம் விழும், சட்டை பாதி உரியும், அதற்குமேல் முடியாது. எல்லாம் நீல இறால்கள்.

நீலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாரியம் கொடுத்த பத்தில் ஏழு நீலம், மூன்று பழுப்பு. பிறந்த குஞ்சுகளிலும் பழுப்பு கலந்துதான் வந்தது. நிறத்தைப் பற்றி விதிப்புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. ஆனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஓய்வு நாளில் அக்கம்பக்கத்தார், பெண் பார்க்க வருவது போலக் கூட்டமாகத் தொட்டி பார்க்க வருவார்கள். நீலம் அடர்ந்திருந்தால் வாய் நிறையப் புகழ்வார்கள். நடுவே ஒரு பழுப்பு நகர்ந்தால் போதும், எதிர்வீட்டு ரெஜினாக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது எப்படி உள்ள வந்துச்சு?" என்று துக்கம் விசாரிப்பாள்.

அதனால் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் எப்சிபாவும் செய்தாள். சிறு வலையால் பழுப்பைப் பொறுக்கி எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகுழாயில் விட்டுவிடுவாள். அந்த நீர் அவரவர் வீட்டுத் தரைக்கு அடியில் இருக்கும் பாசித்தொட்டிக்குப் போகும். அங்கே மங்கலான ஒரு விளக்கு எரியும், பாசி அழுக்கைத் தின்னும், தெளிந்த நீர் நகரத்துக்குத் திரும்பும். முதல் நாள் மட்டும் கை கூசியது. பிறகு பழகிவிட்டது. எச்சில் நீரில் போய் விழுந்ததும் அவற்றின் கதை முடிந்தது என்று நினைத்தாளோ என்னவோ, அதற்குமேல் அவள் நினைக்கவேயில்லை.

அடுத்த நாட்களில் அவள் செய்யாதது இல்லை. தன் குடிநீர்ப் பங்கைத் தொட்டிக்கு ஊற்றிவிட்டு உதடு வெடிக்க வேலைக்குப் போனாள். இறாலுக்கு மருந்தாகும் வாதாம் இலைச் சருகுக்கு மூன்று தளம் ஏறி இறங்கினாள். தொட்டிக்குத் தன் கம்பளியைச் சுற்றினாள். எண்ணினால் ஐந்து, அப்புறம் மூன்று.

நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் நாள் அருமைநாயகம் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறால் கேட்க எதிர்வீட்டுக்குப் போய் வெறுங்கிண்ணத்தோடு திரும்பினான்.

"அக்கா தரமாட்டேங்குறாங்களா?"

"தரதுக்கு அவங்ககிட்டயும் இல்ல. அங்கயும் நேத்தோட முடிஞ்சுது. அப்படியே கெடச்சாலும் வாரியத்து வருடிக் கருவி தடவிப் பாத்தே எந்த வீட்டுல பொறந்ததுன்னு சொல்லிரும்." கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். "நமக்கு எழுதினது இவ்வளவுதான்னு விட்டுருவோமா, எப்சி?"

"எப்படிங்க விடச் சொல்லுதீங்க? தொட்டிலு வைக்க எடம் விட்டுத்தான கட்டிலயே போட்டோம்," என்றாள் அவள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஏழு வருடமாகக் காலியாக இருந்த இரண்டடி இடத்தை இருவரும் பார்த்தார்கள். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

இருநூறாவது நாள் அதிகாரி லோகநாயகி வந்தபோது தொட்டியில் தெளிந்த நீரும் பாசியும் ஒரு பூசணித் துண்டும் இருந்தன. அதைத் தின்ன யாருமில்லை.

"வாங்க மேடம்," என்று சொல்லிவிட்டு எப்சிபா சுவரோடு ஒட்டி நின்றாள்.

லோகநாயகி குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட இல்லையாம்மா?" என்றாள். குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "குளிர் வந்ததுலருந்து எல்லா வீட்டுலயும் இதே கததான். இந்த நீலம் மொத்தமும் ஒரே ஜோடியோட வம்சம். கலருக்காகச் சொந்தத்துக்குள்ளயே சேத்துச் சேத்து வளத்தது. ஒண்ணுக்கு ஆகாதது ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் ஆகாது. சரி, முழுசா ஒரு தரம் வருடிப் பாத்துட்டு மூடிர்றேன்."

கைவருடியை அறை முழுக்கச் சுழற்றினாள். சமையல் மூலைக்கு வந்ததும் அது விடாமல் சிணுங்க ஆரம்பித்தது. லோகநாயகி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தரை மூடியைத் திறக்கச் சொன்னாள். அருமைநாயகம் நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினான்.

மங்கல் விளக்கின் கீழே பாசித்தொட்டி அசைந்துகொண்டிருந்தது. பழுப்பு இறால்கள். சுவரில், குழாயில், சோற்றுப் பருக்கையின்மேல், ஒன்றின்மேல் ஒன்றாக. வயிறு நிறைய முட்டையோடு விசிறிக்கொண்டு நின்றவையே கணக்கில்லை. சோப்பு நீரைக் குடித்து, குளிரைத் தாங்கி, யாரும் பார்க்காமலே அவை மூன்று தலைமுறை கண்டிருந்தன.

"நானூத்திப் பன்னெண்டு," என்று வருடியைப் படித்தாள் லோகநாயகி. "எல்லாம் இந்த வீட்டு நீர்ல பொறந்தது. விதிப்படி சரிதான். ஒங்களுக்கு அனுமதி உண்டும்மா."

எப்சிபா அந்தத் துவாரத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கையை நீருக்குள் விட்டாள். ஒரு பழுப்பு இறால் விரல்மேல் ஏறி நகத்தைச் சுரண்டியது. "ஒங்களப் போயி வெளிய தள்ளுனேனே, பாவி," என்று அதனிடம் சொல்லி விம்மினாள். மனதாரத்தான் சொன்னாள்.

அவள் முகம் கழுவி வந்ததும் லோகநாயகி படிவத்தை நீட்டினாள். பெயர், தொழில், பிள்ளை வளரப்போகும் கருவறைக் கலத்துக்கான தேதி. கடைசியில் பிள்ளையின் தோல் நிறம், ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாகக் கட்டங்கள். ஒன்று பால் வெள்ளை, ஒன்பது கருப்பு. எப்சிபா ஏழு. அருமைநாயகம் எட்டோ ஒன்பதோ.

"ஒண்ணாம் நம்பருக்கு ஒரே ஒரு மரபணு வார்ப்புதான் இருக்கு. எல்லாப் பிள்ளைக்கும் அதேதான் போகும்," என்றாள் லோகநாயகி, எல்லா வீட்டிலும் ஒப்பிப்பதை ஒப்பிக்கும் குரலில். "ரெண்டுலருந்து ஒங்க சொந்த மரபும் கலந்து வரும். எதும்மா போடட்டும்?"

எப்சிபா கணவனைப் பார்த்தாள். அவன் தரை மூடியைத் திருகிக்கொண்டே, நிமிராமல், "நாமதான் இப்படி இருக்கோம். பிள்ளையாவது நாலு பேரு பாக்குற மாதிரி இருக்கட்டுமே," என்றான்.

"ஒண்ணே போடுங்க மேடம்," என்றாள் எப்சிபா.

லோகநாயகி குறித்துக்கொண்டாள். "எல்லாரும் அதத்தான் கேக்காங்க. வேற ஏதாவது வேணுமாம்மா?"

"தொட்டி வெறிச்சுன்னு கெடக்கு. வாரியத்துல மறுபடி பெருகுனதும் நீலத்துல ஒரு ஜோடி குடுப்பீங்களா? பிள்ளைக்கு வெளையாட்டுக் காட்ட நல்லாருக்கும்."

மனு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு லோகநாயகி கிளம்பினாள். கதவு மூடுவதற்குள், நடைபாதையில் அவள் மணிக்கட்டுக் கருவியிடம் அன்றைய அறிக்கையைச் சொல்லிக்கொண்டு போவது எப்சிபாவின் காதில் விழுந்தது. "பிள்ளைகள் நிலைக்காததற்கான காரணம், இன்றும் தெரியவில்லை. தேர்வை இன்னும் கடுமையாக்கலாம்."

எப்சிபாவுக்கு அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பாவமாக இருந்தது. "பெத்தவங்க கொஞ்சம் கவனமாப் பாத்துக்கிட்டா என்னவாம்," என்று சொல்லிக்கொண்டே, கண்ணாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவ உட்கார்ந்தாள்.