இனிகோ எல்லாம் இறங்கு

மினி பஸ் பதினோரு விநாடி நின்றது.

அமலராணி அதை எண்ணியதற்குக் காரணம் எதுவும் இல்லை. கணவன் இறந்துபோன இந்த நாற்பத்தாறு நாளும் அவள் எதையாவது எண்ணிக்கொண்டேதான் இருந்தாள். மாடிப்படிகளை, மாத்திரைகளை, ஜன்னல் கம்பிகளை. எண்ணிக்கொண்டிருக்கும்போது வேறு எதுவும் உள்ளே வராது. மாலை ஐந்து ஐம்பது. திண்டுக்கல் ஊர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்த வெயில் எதிரே சிறுமலையின் முகத்தைச் செங்கல் நிறமாக்கியிருந்தது. சமையலறை ஜன்னலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே பஸ் வந்தது. "இனிகோ எல்லாம் இறங்கு" என்று கண்டக்டர் கத்தினான்.

யாரும் இறங்கவில்லை.

இறங்க ஆளில்லாவிட்டால் பஸ் உடனே கிளம்பிவிடும். இது கிளம்பவில்லை. கண்டக்டர் விசிலை உதட்டில் வைத்தபடி, காலியான படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். கால் சரியில்லாத ஒருவர் பார்த்து இறங்கட்டும் என்று காத்திருப்பது மாதிரி. பதினோரு விநாடி. அப்புறம் விசில். பஸ் போனது. புழுதி மட்டும் செத்த நேரம் அங்கேயே நின்றது.

"அம்மா, பால் பொங்குது."

எட்டு வயது அனிஷா சொன்ன பிறகுதான் தீய்ந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. அடுப்பை அணைத்தாள். அதற்காக அவள் பதறவில்லை. பதறுவதெல்லாம் நின்றுபோய் நாற்பத்தாறு நாளாகிவிட்டது.

இனிகோ அவள் கணவனின் பெயர். பதினாறு நாளாக அந்தச் சாலையின் பெயரும் அதுதான்.

அதற்கு முன் அந்தச் சாலைக்குப் பெயரே கிடையாது. ஊராட்சி வரைபடத்தில் 'வண்டிப்பாதை' என்று ஒரு கோடு, அவ்வளவுதான். பூந்தோட்டங்கள் பிளாட் ஆகி, பிளாட்டுகள் வீடுகளாகி, நாற்பது குடும்பங்கள் வந்த பிறகும் அது கோடாகவே கிடந்தது. அதன் திருப்பத்தில்தான் ஜல்லி லாரி அவரை அடித்துப் போட்டது. ஆம்புலன்ஸ்காரன் போனில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான்: "ரோடு பேரு என்னம்மா?" பெயர் இல்லாத ரோட்டைத் தேடி அவன் நாற்பது நிமிஷம் அடிவாரத்தைச் சுற்றினான். வந்து சேர்ந்தபோது அவசரத்துக்கு வேலை இருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அமலராணி மனு எழுதினாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து தீர்மானம் போட வைத்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு திருப்பத்தில் பலகையை நட்டார்கள். நீலத்தில் வெள்ளை எழுத்து. இனிகோ சாலை.

மனுவில் அந்தப் பெயரை எழுதினாளே தவிர, வாயால் சொன்னதில்லை. கல்யாணமான பத்து வருஷத்தில் ஒருநாளும் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் அவருடைய ஆதார் கார்டைத்தான் நீட்டினாள்.

பாலை ஆற்றிக் கொண்டுபோய் வைத்தாள். சாப்பாட்டு மேஜையில் அனிஷா நோட்டில் முகவரி எழுதிக்கொண்டிருந்தாள். அமலராணி கொடுத்த வேலைதான் அது. எங்கேயாவது தொலைந்துபோனால் பிள்ளைக்குச் சொல்லத் தெரிய வேண்டும். தினமும் ஐந்து தடவை எழுதணும், வெள்ளிக்கிழமை பார்க்காமல் ஒப்பிக்கணும்.

எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்துதான் அவர் பாடம் கேட்பார். வாய் திறக்க மாட்டார். தப்பு என்றால் மேஜையில் இரண்டு தட்டு. சரி என்றால் ஒரே தட்டு.

மறுநாள் புதன்கிழமை. வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்திலிருந்து வழக்கத்தைவிட ஒரு பஸ் பிந்திக் கிளம்பிப் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோதே அந்தக் குரல் கேட்டது.

"இனிகோ இனிகோ இனிகோ… வா வா வா… இனிகோ ஏறு, இனிகோ ஏறு."

பத்து நாளாக இதே குரலைக் கேட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாள். இன்றைக்குத்தான் கணக்குப் போட்டாள். ஒரு நடைக்கு முப்பது தடவை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடை. இது போக சிலிண்டர் போடுகிறவன், பார்சல் கொண்டு வருகிறவன், 'இருநூறு மீட்டரில் இனிகோ சாலை' என்று சொல்லும் செல்போன் பெண். செத்துப்போன ஒரு மனுஷனை ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை தடவை, வா வா என்று கூப்பிடுகிறார்கள்.

கண்டக்டர் முகேஷ்குமார் இந்த ரூட்டுக்குப் புதுசு. வேடசந்தூர் பக்கத்துக்காரன். டிக்கெட் கிழிக்கும்போது கேட்டாள்.

"நேத்து எங்க ஸ்டாப்புல யாருமே இறங்கல. ஏன் தம்பி அம்புட்டு நேரம் நிறுத்துனீங்க?"

"யாருமே இறங்கலையா? நல்லாப் பாத்தீங்க போங்கக்கா. அந்த சார் இறங்குனாருல்ல. டெய்லி இதே வண்டிதான்."

"எந்த சார்?"

"பேரு தெரியாது. வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருப்பாரு. டிக்கெட் கேட்டா சட்டைப் பையத் தொட்டுக் காட்டுவாரு. பாஸ்னு விட்டுட்டேன். வலது கால்தான் பாவம்." அவன் தன் பாதத்தைத் திருப்பிக் காட்ட முயன்றான். அது அந்த அளவுக்குத் திரும்பவில்லை. "அதான் செத்த நேரம் நிக்கிறது. மனுசனுக்கு மனுசன் இதுகூட செய்யலேன்னா எப்படிக்கா?"

அமலராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சவப்பெட்டியை மூடியேதான் வைத்திருந்தார்கள். பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் பார்த்தாள். வெள்ளைச் சட்டை. அவளே பாலிஷ் போட்டுக் கொடுத்த கறுப்பு ஷூ. இடது ஷூவின் முனை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. வலது ஷூவின் குதிகால் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பிணவறை ஆட்கள் அதைத் திருப்பவில்லை. திருப்பினால் கழன்றுவிடும் என்றார்கள்.

பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். அதன் பிறகும் பஸ் நின்றுகொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. விசில்.

வீட்டு கேட்டுக்கு வெளியே, ஜல்லி லாரிகள் கொட்டிவிட்டுப் போன சாம்பல் நிறப் புழுதி மாவு போலப் படிந்திருந்தது. அதில் ஷூ தடங்கள். அடுத்தடுத்து நிறைய, பல நாள் தடங்கள். இடது தடங்கள் எல்லாம் வீட்டைப் பார்த்து இருந்தன. வலது தடங்கள் எல்லாம் ரோட்டைப் பார்த்து இருந்தன. ஒரு கால் வந்துகொண்டும் ஒரு கால் போய்க்கொண்டும் இருந்தது போல. எல்லாமே கேட்டோடு நின்றன. உள்ளே ஒன்றும் இல்லை.

டீசலும் பினாயிலும் கலந்த வாடை அடித்தது. பிணவறையில் அடித்த அதே வாடை.

வியாழக்கிழமை காலை அனிஷாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, பலகைக்குக் கீழே ஒச்சப்பன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பிளாட்டுக்கு விற்றது போக மிஞ்சிய அரை ஏக்கரில் கனகாம்பரம் போட்டிருக்கிறவர்.

"தாயி, இந்தப் போர்ட எடுத்துருங்க. படிச்சவுக அம்புட்டுப் பேரு கூடி, வேற பேரே கெடைக்கலையாக்கும்? ரோசாப்பூ ரோடுன்னு வைக்க வேண்டியதுதானே?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இந்தப் பாதைக்குப் பேரு இல்லாம இல்ல. இருந்த பேர நாங்கதான் எடுத்தோம். எங்க அண்ணன் வீரணன் இந்தத் திருப்பத்துல பாம்பு கடிச்சுச் செத்தாரு. அவரு பேர ஒரு கல்லுல வெட்டி இங்கனதான் நட்டோம். வீரணன் பாதை. பால்காரன், பூ ஏத்துற வண்டிக்காரன், விறகு கொண்டாறவுக, எல்லாரும் பகல் பூராவும் அந்தப் பேரச் சொன்னாக. சொல்லச் சொல்ல அவரு வந்துட்டாரு. செத்தவுகளுக்கு எங்க போகணும்னு தெரியாதுல்ல. கூப்பிட்ட எடத்துக்கு வருவாக."

"வந்து?"

"ஊரான் கூப்பிட்டா வாசல் மட்டும்தான் வர முடியும். வாசல்ல நிப்பாக. வீட்டு ஆளு வாயால பேரு விழுந்தாத்தான் உள்ள வருவாக. எங்க மதினி வாயத் தெறக்கல. வீட்டுக்குள்ள வேற யாரு வாயிலருந்தோ, எப்படியோ விழுந்துருச்சு."

"உள்ள வந்து என்ன செஞ்சாரு?"

ஒச்சப்பன் கனகாம்பரச் செடிகளைப் பார்த்தார். "மதினி அதுக்கப்புறம் யாருகூடவும் பேசல. ரெண்டு எலை போட்டுச் சோறு வைக்கும். ரெண்டு எலையும் காலியாகும். ஒரு நா மூணு எலை போட்டுருந்துச்சு. மறுநாள் எங்க அண்ணன் மகன் எந்திரிக்கல." எழுந்தார். "கல்ல ஒடைச்சுக் கெணத்துல போட்டோம். அன்னையிலருந்து பேரு இல்ல. ஒங்க வீட்ல சின்னப்புள்ள இருக்கு. அதான் சொன்னேன்."

அன்று சாயங்காலமே ஸ்தனிஸ்லாஸ் சார் வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, தீர்மானம் போட்டாச்சு, மேப்ல ஏத்தியாச்சு. இப்ப ஒச்சப்பன் கதை சொன்னான்னு புடுங்குனா என்னயப் பாத்து ஊரே சிரிக்கும். சரி, நாளைக்கே எவனாச்சும் நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு விழுந்தான்னு வைங்க. ஆம்புலன்ஸ்காரன் ரோடு பேரக் கேப்பான். என்னத்தச் சொல்ல?"

அது அவளே கேட்ட கேள்வி.

அந்த ராத்திரி அனிஷாவைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு சொன்னாள். "கேட் பக்கம் போகக் கூடாது. யார் கூப்பிட்டாலும் கதவத் திறக்கக் கூடாது. அப்பான்னு கூப்பிடக் கூடாது. சரியா?"

"சரிம்மா."

பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை. அவளும் இந்த நாற்பத்தெட்டு நாளாக எதையும் கேட்பதில்லை. இரண்டு பேரும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அமலராணி பாதி டப்பா வெள்ளை பெயிண்டையும் பிரஷ்ஷையும் எடுத்தாள். "உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கோ. பத்து நிமிஷத்துல வாரேன்." தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகே நடந்தாள்.

திருப்பத்தில் காற்று இல்லை. மலை சிவந்திருந்தது. பிரஷ்ஷை முதல் எழுத்தின் மேல் வைத்தபோது கை அப்படியே நின்றது. அவருக்காக அவள் செய்த ஒரே காரியம் இந்தப் பலகை. பிறகு கை நகர்ந்தது. ஒரு எழுத்து. இரண்டு. மூன்று. சாலை என்பதையும் சேர்த்து மூடினாள். பெயிண்ட் முழங்கை வரை வழிந்தது.

பஸ் வந்தது. திருப்பத்தில் ஊர்ந்த பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிய முகேஷ்குமார் வெள்ளைப் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்னக்கா, பேரக் காணோம்?"

"இனிமே இந்தப் பேரு கிடையாது. கத்தாதீங்க."

"சரிங்கக்கா. எனக்குத் தொண்டை மிச்சம்." அவன் சிரித்தான். "அந்த சாரும் இன்னைக்கு வரல."

பஸ் நிற்கவில்லை. கடந்து போய்விட்டது. புழுதி அடங்கியது. அமலராணி எதையும் எண்ணாமல் நின்றாள். நாற்பத்தொன்பது நாளில் அதுதான் முதல் தடவை. டப்பாவைப் பலகைக்குக் கீழேயே வைத்துவிட்டு நடந்தாள்.

அவர் இன்றைக்கு வரவில்லை.

கேட்டை நெருங்கியபோதுதான் வாடை அடித்தது. டீசல். பினாயில். புழுதியில் புதுத் தடங்கள் இல்லை. பழைய தடங்களும் இல்லை. கேட்டுக்கு வெளியே சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தது.

போனால்தான் திரும்ப வர வேண்டும். நேற்று வந்தவர் போகவே இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து அனிஷாவின் குரல். சத்தமாக. தெளிவாக. பாடம் சொல்லும் குரல்.

இன்று வெள்ளிக்கிழமை.

"என் பெயர் அனிஷா. என் அப்பா பெயர்…"

ஓடினாள்.

"…இனிகோ. என் வீடு, கதவு எண் பதினான்கு…"

கதவில் மோதினாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்தாள். வெள்ளை பெயிண்ட் கம்பியில் ஒட்டியது.

"…இனிகோ சாலை."

டொக்.

மேஜையில் ஒரே தட்டு.

அனிஷா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன, பார்க்காமல் ஒப்பிப்பதற்காக. தரையை எட்டாத அவள் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. எதிர் நாற்காலி வெளியே இழுத்துப் போட்டிருந்தது. அதன் மேல்பாதியைத் திரைச்சீலை மறைத்தது.

மேஜைக்குக் கீழே கறுப்பு ஷூ இரண்டு. பாலிஷ் மேல் சாம்பல் நிறப் புழுதி. ஒன்றின் முனை அனிஷாவைப் பார்த்து இருந்தது. இன்னொன்றின் குதிகால் அனிஷாவைப் பார்த்து இருந்தது.

"அனிஷா." கம்பியைத் தட்டினாள். "கதவத் தொற."

பிள்ளை கண்ணைத் திறந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. எதுவுமே இல்லை.

"இருங்கம்மா," என்றாள். "'நீ உக்காரு, நான் போய்த் தொறக்குறேன்'னுட்டாங்க."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. இடது ஷூ கதவைப் பார்த்துத் திரும்பியது. வலது ஷூ சுவரைப் பார்த்துத் திரும்பியது.

டப். சர்ர்ர்.

அமலராணி எண்ண ஆரம்பித்தாள்.