பூட்ஸில் கட்டிய துணி

அந்த நடையில் ஏதோ சரியில்லை. பனியில் வருகிற மான் நாலடி வைக்கும், நிற்கும், காதைத் திருப்பும், பிறகு நடக்கும். இது நிற்கவே இல்லை. நறுக், நறுக் என்று இரண்டே காலில் வந்தது.

ரோலண்ட் ஓக் மரத்துப் பரணில், மடியில் வில்லோடு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தான். விஸ்கான்சின் டிசம்பர், பொழுது சாய்கிற நேரம். வேட்டைக்காலம் முடிய இரண்டே நாள். மிஞ்சிய ஆண்மான்கள் எல்லாம் உஷாராகிவிட்டன; பெட்டை வாடைக்கு மட்டும்தான் மயங்கி வரும். அதனால்தான் பருவத்துப் பெண்மானின் மூத்திரத்தில் துணியை நனைத்து, கயிற்றால் பூட்ஸில் கட்டி, பனியில் இழுத்துக்கொண்டே வந்திருந்தான். விவரமுள்ளவன் காட்டுக்குள் வந்த பிறகுதான் துணியைக் கட்டுவான். குளிரில் கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு, இவன் வீட்டுச் சமையலறைப் படியிலேயே கட்டிவிட்டான்.

"அந்த மூத்திர பாட்டில இன்னொரு வாட்டி என் சிங்க்ல பாத்தேன், நீ மானோடயே போய் குடும்பம் நடத்து," என்று மனைவி லோரெட்டா அப்போது சத்தம் போட்டாள்.

"அதுங்களாவது வாயத் தொறக்காது," என்றான். அவள் சிரித்துக்கொண்டே கைத்துணியை அவன்மேல் எறிந்தாள்.

இப்போது மரங்களுக்கிடையில் அது தெரிந்தது. சாம்பல் நிறம். ஆளைவிட உயரம். இடுப்பை இரண்டாக மடித்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, முகம் பனியில் உரச, அவன் துணி இழுபட்ட தடத்தை முகர்ந்தபடியே வந்தது. ஈரத்தோலின் வாடை மேலே வரை ஏறியது. அவன் பூட்ஸிலிருந்து அவிழ்த்துக் கீழ்க்கிளையில் தொங்கவிட்டிருந்த துணியை வாயில் கவ்விச் சப்பியது. சுற்றிலும் மோந்து பார்த்தது. வாசனையில்லாத சோப்பில் குளித்து, உடுப்பையும் அதிலேயே துவைத்திருந்தான் ரோலண்ட். மனித வாடையே இல்லை. அது நிமிரவில்லை.

திரும்பியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விட்டான். அப்புறம்தான் அது போகிற திசையைப் பார்த்தான்.

வந்த தடத்திலேயே போனது. சோளக்கட்டை வயலுக்கு அப்பால், சமையலறை ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம்.

ஒரு கூப்பாடு போதும். லோரெட்டா கதவைத் தாழிட்டுவிடுவாள். ஆனால் அதற்கும் கேட்கும். திரும்பி வரும்.

வாயைத் திறந்தான். மூடினான். கையுறையைக் கடித்துக்கொண்டான்.

கதவு திறந்தது. குளிர்காற்றில் அவள் குரல் தெளிவாக வந்தது.

"ரோலியா? அதுக்குள்ள வந்துட்டியா? பூட்ஸ வெளியவே கழட்டு!"

கதவு சாத்திக்கொண்டது. அலறல் இல்லை. ஒன்றுமே இல்லை. அவன் அழுதான், அதையும் சத்தமில்லாமல்.

மறுபடி கதவு திறந்தது.

லோரெட்டா. வெறுங்கால். இடுப்பு மடிந்திருந்தது. கைகள் முதுகுக்குப் பின்னால். முகம் பனியில்.

நறுக். நறுக்.

மரத்தடிக்கு வந்து நின்றாள். மோந்து பார்க்கவில்லை. அவன் எங்கே உட்காருவான் என்று அவளுக்குத் தெரியும். பரண் கட்டும்போது கீழே நின்று ஏணியைப் பிடித்தவள் அவள்தான். நேராக மேலே பார்த்தாள். பின்னால் கோத்திருந்த கைகளை மெல்லப் பிரித்து, ஏணியின் முதல் படியைப் பற்றினாள்.