நரெல் பேசாத இடங்கள்

காது அடைபடக் கூடாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். விலை, நிறம், வேர்வை தாங்குமா, ஓடும்போது கழன்று விழுமா, எதுவும் இப்போதைக்கு முக்கியமில்லை. கண் உள்ளவர்களுக்குக் காது ஒரு கூடுதல் வசதி. எனக்கு அதுதான் தெரு, அதுதான் சுவர், அதுதான் எதிரே வரும் சைக்கிள்.

இதை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு, கணவன் வாரிக்கின் முழங்கையைப் பிடித்தபடி ராஸ்லின் இயர்பட்ஸ் வாங்க அந்தக் கடைக்குள் நுழைந்தாள். நியூகாசில் துறைமுகத்தை ஒட்டிய பழைய கம்பளிக் கிடங்கு அது. ஓட்டக்காரர்களுக்கான கடையாக மாறி வெகுகாலம் ஆகியும், மழை நாளில் அதன் செங்கல் சுவர்களிலிருந்து ஆட்டு ரோமத்தின் கொழுப்பு வாடை கசியும். புது ஷூக்களின் ரப்பர் மணத்துக்கு அடியில் அது ஈரமாக, உயிருள்ளது போலக் கிடந்தது.

மே மாதத்திலிருந்து அவள் ஓடவில்லை.

பத்தொன்பது வயதில் பார்வை போனபின் அவளுக்கு வாய்த்த ஒரே விடுதலை ஓட்டம். தனியாக ஓட முடியாது. தோழி நரெல் கூட ஓடுவாள். இடப்பக்கம் நரெல், வலப்பக்கம் இவள், நடுவே ஒரு சின்னக் கயிறு. அதன் இரு முனையிலும் வளையம், ஆளுக்கொன்று. இப்படி ஓடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேடோ பள்ளமோ, நாயோ குழந்தை வண்டியோ, எது வந்தாலும் வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை என்றால் வழி தெளிவாக இருக்கிறது என்று பொருள். பேச்சைவிட மௌனத்தைத்தான் அதிகம் நம்ப வேண்டும். பல வருடங்களாக நரெலின் மௌனத்தின் மீது கால் வைத்துத்தான் ராஸ்லின் ஓடியிருந்தாள்.

அந்த மே மாதக் காலையில், கடலுக்குள் நீண்டிருக்கும் அலைத்தடுப்புச் சுவரின் மேல் இருவரும் ஓடிக்கொண்டிருந்தபோது, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார். ராஸ்லினுக்கு அது கேட்டது. நரெல் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் நமக்கில்லை என்று எண்ணி அடுத்த அடியை வைத்தாள். அலை சுவரைத் தாண்டி எழுந்து இருவரையும் அடித்தது. தூண்டில்காரர் ராஸ்லினின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். அவள் கையில் கயிறு இருந்தது. மறுமுனை வளையம் காலியாக இருந்தது. நரெலின் உடல் சில நாள் கழித்து ஸ்டாக்டன் கரையில் ஒதுங்கியது.

தோழியையும் சேர்த்து இழுத்துவிடக் கூடாதென்று நரெல் கயிற்றை விட்டுவிட்டாள் என்று ஊர் சொன்னது. தேவாலயத்தில் பாதிரியார் சொன்னார். நரெலின் அம்மா ராஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாள். அந்த நம்பிக்கைதான் ராஸ்லினைத் தினமும் படுக்கையிலிருந்து எழுப்பியது. ஒருத்தி தன் உயிரைவிட என்னைப் பெரிதாக நினைத்திருக்கிறாள். அப்படியானால் இன்னொருவரை நம்பலாம். திரும்ப ஓடலாம். முதலில் உடற்பயிற்சிக் கூடத்து ட்ரெட்மில்லில், பிறகு வெளியே. அதற்குத்தான் இந்த இயர்பட்ஸ். கயிற்றை ஜாக்கெட் பையிலேயே வைத்திருந்தாள். கைக்குட்டை போல அது எப்போதும் அவளோடு வந்தது.

கடைக்காரியின் பெயர் பெட், ஒரு வாயாடி. எல்லோரும் அவளுக்குச் செல்லம்தான். காதுக்கு மேல் கொக்கி போட்டு மாட்டுவது, காதுக்குள் இறங்கி அடைத்துக்கொள்வது, காதைத் திறந்து விட்டுவிட்டுக் கன்னத்து எலும்பு வழியாகச் சத்தத்தை அனுப்புவது என்று ஒவ்வொன்றாக ராஸ்லினின் உள்ளங்கையில் வைத்து விளக்கினாள். ஓடிப் பார்க்காமல் வாங்கினால் பின்னால் தன்னைத்தான் திட்டுவார்கள் என்று கடையின் பின்கட்டிலிருந்த ட்ரெட்மில்லுக்கு அழைத்துப் போனாள். எனக்குக் காது திறந்திருக்க வேண்டும் என்று ராஸ்லின் சொல்லியும் பெட் விடவில்லை.

"அடைக்கிறதையும் ஒரு தடவ போட்டுத்தான் பாரேன், செல்லம். பிடிக்கலன்னா கழட்டிடு. புருஷனா என்ன, யோசிச்சுக் கழட்ட?"

"இதுல எனக்கு ஏன் அடி விழுது?" என்றான் வாரிக்.

ராஸ்லின் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பது அவளுக்கே தெரிந்தது. மென்மையான முனைகள் காதுத் துளைக்குள் இறங்கி விரிந்தன. பெட் எங்கோ தட்டினாள். மழைச் சத்தம் நின்றது. மோட்டாரின் இரைச்சல் நின்றது. வாரிக் தொண்டையைச் செருமியது பாதியில் அறுந்தது.

உலகம் அணைந்துபோனது.

பாட்டு இன்னும் தொடங்கவில்லை. காலடியில் பட்டை ஓடியது, அவளும் ஓடினாள். தன் காலடிச் சத்தமே இல்லாமல் ஓடுவது கிணற்றுக்குள் ஓடுவது போலிருந்தது.

அப்போது அது கேட்டது.

மூச்சு.

இரண்டு முறை குட்டையாக உள்ளே, ஒரு முறை நீளமாக வெளியே. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பல்லில் ஏதோ மெல்லத் தட்டும் ஓசை. நரெல் ஓடும்போது கடைவாயில் அடக்கிக்கொள்ளும் யூகலிப்டஸ் மிட்டாய்.

இடப்பக்கம். தோளுக்கு மிக அருகில்.

ராஸ்லின் இரண்டையும் பிடுங்கினாள். மழை, மோட்டார், பெட்டின் குரல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதின. கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். கன்னத்து எலும்பில் ஒட்டும் வகையைப் போட்டபோது பாட்டு கேட்டது, மழை கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது. காது திறந்திருந்தால் நரெல் வருவதில்லை.

இறுக்கத்துக்கென்ன, முனையை மாற்றினால் போயிற்று என்றாள் பெட். சிறிய அளவும் இருக்கிறதாம். பிறகு வாரிக்கின் பக்கம் திரும்பி, மாவு பிசைந்துகொண்டே ஊர்க்கதை பேசுகிறவளைப் போலச் சொன்னாள்:

"போன வருஷம் உங்களுக்கு மாத்திக் குடுத்தேனே, அதே சைஸ்தான். இடது காதுக்கு மட்டும் போதும், அந்தப் பொண்ணு ஒத்தக் காதுலதான் போடுவான்னு சொன்னீங்களே. அவங்களுக்குச் சரியா இருந்துச்சா?"

வாரிக்கின் ஷூ தரையில் தேய்ந்தது.

ட்ரெட்மில் ஓடி அடங்கியது. இடது காது. நரெல் எப்போதும் எனக்கு இடப்பக்கம். அவளுடைய வலது காது என் பக்கம். இடது காது அந்தப் புறம். நான் உரசவே முடியாத காது.

ராஸ்லின் கைப்பிடியைத் தேடிப் பிடித்து இறங்கினாள். "அந்த அடைக்கிறதையே குடுங்க, பெட்" என்றாள்.

காருக்குள் ஈரக் கம்பளத்தின் நாற்றம். வாரிக் சாவியைத் திருப்பவில்லை. கேட்காமலேயே சொல்லத் தொடங்கினான். ராஸ்லின் ஓடும் வேகம் நரெலுக்கு நடைப்பயிற்சி மாதிரியாம். வழியெல்லாம் மேடு பள்ளம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாம். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவனிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

"அவ போயிட்டா நீ உடைஞ்சு போயிடுவேன்னு பயந்தேன், ராஸ். அதான் ஒரு காதுல எதையாவது கேட்டுக்கோன்னு நான்தான் சொன்னேன். நான்தான் வாங்கியும் குடுத்தேன்."

"என்ன கேப்பா?"

"கொலைக் கேஸ் கதைங்க. தொடர் மாதிரி வருமே."

"ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசிக்குவீங்களா?"

அவன் ஸ்டீயரிங்கை நகத்தால் சுரண்டினான். "எப்பவாவது. கொலைகாரன் யாருன்னு தெரியிற நேரத்துல நீ தண்ணி கேட்டுட்டேன்னு சொல்லிச் சிரிச்சா ஒரு நாள்."

ராஸ்லின் அழவில்லை. அழுகை வருவதற்கு மனதில் ஏதாவது ஒன்று அசையாமல் இருந்தாக வேண்டும். போன கோடையில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. நாய் குறுக்கே வந்துவிட்டது என்றாள் நரெல். அன்று எந்த நாயும் குரைக்கவில்லை. ஒரு நகம்கூடத் தரையில் கீறவில்லை. என் காதைவிட அவள் வாயை நம்பினேன். தூண்டில்காரர் கத்தியபோதும் என் காதைவிட அவள் மௌனத்தை நம்பினேன். அந்த மௌனத்துக்குள் எவனோ ஒருவன் எவளையோ கொன்றுகொண்டிருந்திருக்கிறான். வீட்டில் உப்பைக் கேட்டால்கூடத் தேடி எடுத்துக் கையில் வைக்கிற இந்த மனிதனுக்கு அது தெரிந்திருக்கிறது.

ஆனாலும் கயிறு? கயிற்றையாவது வேண்டுமென்றே விட்டாளா? அல்லது கதையில் லயித்திருந்த கையிலிருந்து அது தானாக நழுவியதா?

அதைச் சொல்ல உலகத்தில் ஒருத்திதான் உண்டு. அவள் எங்கே வருகிறாள் என்பது ராஸ்லினுக்கு இப்போது தெரியும்.

"அலைத்தடுப்புக்கு விடு" என்றாள்.

மழை ஓய்ந்த பிற்பகல். கார் நிறுத்துமிடத்தில் யாரோ சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். வினிகர் வாடை காற்றில் புளித்தது. தூரத்தில் நிலக்கரிக் கப்பலொன்று துறைமுகத்துக்குள் நுழையும் ஊதல். வாரிக் கூட வருகிறேன் என்றான். நீ காரிலேயே இரு என்று அவள் சொன்ன விதத்தில் அவன் நின்றுவிட்டான்.

வெள்ளைக் கோலால் கான்கிரீட்டைத் தட்டித் தட்டி நடந்தாள். இரு பக்கமும் பாறைகளில் கடல் ஏறி இறங்கியது. சிப்ஸ் வாடை மறையும் வரை, கார்க் கதவுகளின் ஓசை மறையும் வரை போனாள். பிறகு நின்று, வாங்கியதை மாட்டிக் காதுகளை அடைத்தாள்.

கடல் அணைந்தது.

காத்திருந்தாள்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. தன் ரத்தம் ஓடும் ஓசை மட்டும்.

பிறகு, இரண்டு குட்டை மூச்சு. ஒரு நீள மூச்சு. பல்லில் மிட்டாய் தட்டும் ஓசை.

"போலாமாடி?"

ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் கேட்ட அதே கேள்வி. ஆனால் குரலில் ஈரம் இருந்தது, நுரையீரல் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவது போல. ராஸ்லினின் கால்கள் கேட்காமலேயே நகர்ந்தன. பல வருடப் பழக்கம். அவற்றுக்குத் துரோகம் தெரியாது.

"நரெல்" என்றாள். தன் குரலே மண்டைக்குள் வேறு யாருடையதோ போல முழங்கியது. "அன்னிக்குக் கயித்த நீ விட்டியா? இல்ல நழுவுச்சா?"

மூச்சு நின்றது.

பதில் இல்லை. இன்னும் இரண்டு அடி நடந்தாள்.

மௌனம்.

இன்னும் ஒன்று.

மௌனம். அப்படியென்றால் வழி தெளிவு. அப்படித்தானே நமக்குள் பேச்சு. அடுத்த காலை எடுத்தபோதுதான் கையிலிருந்த கோல் ஒன்றிலும் படாமல் கீழே தாழ்ந்தது.

தாழ்ந்துகொண்டே போனது.

நீர்த்துளிகள் முகத்தில் அறைந்தன, உப்பாக, கீழிருந்து மேலாக.

தூக்கிய காலை அப்படியே பின்னால் இழுத்தாள். பாசி வழுக்கியது, முழங்காலில் விழுந்தாள். காதுகளில் இருந்தவற்றைப் பிய்த்தெடுத்தாள். எங்கே விழுந்தன என்று தெரியவில்லை. கடல் அவளுடைய கால் கட்டைவிரலுக்குக் கீழே பிளந்துகொண்டு இரைந்தது. தொலைவில், காற்றுக்கு எதிராக, வாரிக் அவள் பெயரைக் கூவிக்கொண்டு ஓடிவருவது கேட்டது.

இம்முறை ராஸ்லின் தன் காதை நம்பினாள். கடலிரைச்சலை முதுகுக்கு வைத்து, தவழ்ந்து, கான்கிரீட்டின் உலர்ந்த பகுதி உள்ளங்கையில் படும் வரை வந்தாள். எழுந்தாள். மனம் தெளிந்திருந்தது. பதில் கிடைத்துவிட்டது. உயிரோடு இருந்தபோது நரெல் என்ன செய்தாளோ, அதையேதான் இப்போதும் செய்தாள். சொல்ல வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தாள்.

தென்கிழக்கிலிருந்து காற்று பலமாக வீசியது. முகத்தில் அடித்தது. தலைமுடியைப் பிய்த்தது. வலது தோளில் ஜாக்கெட்டைப் படபடக்க வைத்தது.

இடது தோளில் மட்டும் படவில்லை.

அங்கே, ஓர் ஆள் அகலத்துக்குக் காற்றே இல்லை.

யூகலிப்டஸ் மணத்தது. அதன் அடியில் அழுகிய கடற்பாசி.

"கயித்தக் குடுடி, ராஸ்." திறந்திருந்த காதில், மழைத்துளி விழும் அளவு சத்தத்தில். "இருட்டா இருக்கு. எனக்கு வழி தெரியல. ஒரு முனைய என் கையில குடு."

கை ஜாக்கெட் பைக்குள் போனது. வளையம் விரலில் சிக்கியது. இந்தக் குரலுக்காகத்தானே இத்தனை நாள் தவித்தாள். இருட்டில் வழி தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

பையிலிருந்து கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

"இல்ல, நரெல்."

கோலை ஊன்றித் திரும்பி, கரையை நோக்கி நடந்தாள். எதிரே வாரிக்கின் காலடிகள் நெருங்கின. அவன் மூச்சிரைக்க, கையைக் கொடு என்றான். அவனைத் தாண்டி நடந்தாள். இடப்பக்கம் காற்றில்லாத அந்த இடைவெளியும் அவள் வேகத்துக்கே, ஓரடியும் பிசகாமல், கூட வந்தது. அது மறுபடி கயிற்றைக் கேட்டது, இம்முறை இன்னும் தாழ்வாக, கெஞ்சலாக.

"இல்ல" என்றாள் ராஸ்லின், நடையை மாற்றாமல்.